பள்ளிவாசல் தூணில் சாய்ந்து தூங்கினேன்

தூக்கத்தையும் விழிப்பையும் தன் கையில் வைத்திருக்கிற அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லத் தொடங்குகிறேன். படிக்கிற உங்கள் எல்லோர் மேலும் அவனுடைய சாந்தி இறங்கட்டும்.

ஏழெட்டு மாதம் எனக்குத் தூக்கம் இல்லாமல் போயிருந்தது. கொஞ்சமாகத் தூங்கினேன் என்று அர்த்தமில்லை. படுப்பேன், கண்ணை மூடுவேன், உள்ளே ஒருத்தன் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். செத்துவிடுவேன், இல்லையென்றால் புத்தி பிசகிவிடும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அந்த நிலையிலிருந்து என்னை மீட்டுக் கொண்டுவந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்வது பெரிய விஷயம். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

என் பெயர் காதர் பாட்சா. கள்ளக்குறிச்சியில் புளி பாய் என்று கேட்டால் கைக்குழந்தையும் வழி காட்டும். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அத்தா மௌத்தான பிறகு கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தலைச்சுமையாக இறக்கினேன். பிறகு மாட்டுவண்டி. பிறகு ஜீப். பிறகு சொந்த லாரி. யாரும் தூக்கிவிடவில்லை. ஒரு துண்டு புளியை நாக்கில் வைத்தால் எந்த ஊர் மரம், எந்த மாதம் உலுக்கியது என்று சொல்லிவிடுவேன். மெட்ராஸ் மண்டியில் பெரிய பெரிய ஆட்களே என்னைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வார்கள். இதை எழுத்துக் கூட்டி நானேதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

இப்படி வளர்ந்தவனுக்கு ஓய்வு என்றால் என்ன என்று தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடைசி ஆளாகப் போய் முதல் ஆளாக வெளியே வருவேன். பெருநாளன்றும் மத்தியானம் கடை திறந்தவன் நான். புளி காயவைக்கும் களத்துக்கு இடம் வாங்கும்போது பள்ளிவாசலுக்கு நேர் எதிரே பார்த்து வாங்கினேன். பக்தியால் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நடக்கிற நேரம் மிச்சம் என்று வாங்கினேன், அல்லாஹ் அறிவான்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறக்கிற நேரம். இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்தில் ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். மறியல் தொடங்குவதற்குள் மெட்ராஸ் போய்விடலாம் என்று லாரியில் புளி ஏற்றினேன். நானும் ஏறிக்கொண்டேன். எலவனாசூர்கோட்டை தாண்டினோம், உளுந்தூர்பேட்டை போய்ச் சேரவில்லை. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். முன்னாலும் மரம், பின்னாலும் மரம். நடுவில் என் புளி.

டிரைவர் ராமலிங்கம் களமருதூர்க்காரர். அவருடைய சொந்தக்காரர்களே மறியலில் இருந்தார்கள். அவர் நிம்மதியாகத் துண்டை விரித்துவிட்டார்.

"மொதலாளி, மரம் வுழுந்து கெடக்குது. இனிமே நாம இன்னா பண்ண முடியும்? நெழல்ல வந்து படுங்க."

"நீ படு. புளிக்கு யாரு காவல்?"

"இத்த தூக்கினு எங்க போவான் மொதலாளி? ரோடே இல்ல!"

அங்கே மாட்டிக்கொண்ட எல்லாரும் படுத்துத் தூங்கினார்கள். மறியல் செய்த ஊர்க்காரர்கள் எங்களுக்கும் சேர்த்துச் சோறு ஆக்கிப் போட்டார்கள். அந்த வாரத்தில் பல ஊர்களில் உயிர்கள் போயின. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. பட்டவர்கள் சொல்ல வேண்டிய கதை அது. நான் பார்த்தது என் மூட்டைகளை மட்டும்தான். மழை வந்தால் தார்ப்பாய் தாங்குமா, எவனாவது கயிறு அறுப்பானா என்று லாரியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் முழுவதும் கண்ணை மூடவில்லை. ஒரு மூட்டை குறையவில்லை, ஒரு மூட்டை நனையவில்லை. நான்தான் ஜெயித்தேன் என்று ஊர் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காவல் காத்தவன் லாரியிலிருந்து இறங்கவே இல்லை என்று தோன்றியது.

பார்க்காத வைத்தியம் இல்லை. கசகசா அரைத்துப் பாலில் குடித்தேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது நாக்கை மட்டும் தூங்க வைத்தது. "ரெஸ்ட் எடுங்க பாய்" என்றார். "அது எந்தக் கடையில கெடைக்கும் டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. தராசு பிடித்த கை! முள் நிற்பதற்குள் எடை சொல்கிற கை அது. கல்லா முன்னால் உட்கார்ந்துகொண்டு, வந்தவர் பெயர் மறந்துபோய் முழித்தேன்.

மாசி மாதம், புளி இறங்குகிற சீசன். மலையில் எனக்குப் புளி சேர்த்துக் கொடுக்கிறவர் வெள்ளையன். என்னைவிட மூத்தவர், மலைக்காரர். அவரை ஜீப்பில் உட்கார வைத்துக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து இறங்கினேன். நல்ல வெயில், பட்டப்பகல். வளைவு ஒன்று வந்தது. என் கண் திறந்துதான் இருந்தது. பார்க்கிறவன் உள்ளே இல்லை.

"சாயபு! எங்க போற? அந்தாண்ட ஒண்ணுமில்லியே!"

அவர் பாய்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் இழுத்தார். ஜீப் மலைப்பக்கத்துப் பாறையில் மோதி நின்றது. விளக்கு உடைந்தது. எங்களுக்குக் காயம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வெள்ளையன் இறங்கி, நாங்கள் போயிருக்க வேண்டிய பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தூங்கி எத்தினி நாளாச்சு?"

"தூக்கம் வரல வெள்ளையா."

"இப்ப வந்துச்சே! வண்டி ஓட்டச்சொல்ல மட்டும் வருதா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ ஒழுங்கா தூங்கிட்டு வா. அப்பால உன் ஜீப்புல ஏர்றேன்." சொல்லிவிட்டு நடந்தே போனார்.

அன்றைக்குத்தான் பயந்தேன். அதற்கு முன்னால் நான் எதற்கும் பயந்ததாகச் சரித்திரம் இல்லை. அன்று முதல் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் எனக்கு ஒரே துஆதான். "யா அல்லாஹ், எனக்குத் தூக்கம் கொடு. வேறு ஒன்றும் வேண்டாம்." அழுது கேட்டேன். ஆனால் கேட்டு முடித்த கையோடு களத்துக்கு ஓடினேன். கேட்டவன் பதிலுக்காக ஒரு நிமிஷம் நிற்க வேண்டாமா? அது அப்போது தோன்றவில்லை.

ரமலான் வந்தது. சித்திரை வெயில். உங்களுக்குத் தெரியும், நோன்பின் கடைசிப் பத்தில் இரவும் பகலும் பள்ளிவாசலை விட்டு வெளியேறாமல் வணக்கத்தில் தங்கியிருப்பதுதான் இஃதிகாஃப். பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவில் ஒருத்தராவது இருந்தாக வேண்டும். ஒருத்தரும் இல்லையென்றால் குற்றம் எல்லார் மேலும் வரும். எங்கள் மஹல்லாவில் வருஷா வருஷம் இருப்பவர் மீராசா என்கிற வயதான தையற்காரர். மற்ற யாருக்கும் நேரம் கிடையாது. அவருக்கு விடியுமுன் சஹர் சாப்பாடு, நோன்புக் கஞ்சி, புதுக் கைலி எல்லாம் என் வீட்டிலிருந்து போகும். அதனால் நானே உட்கார்ந்த மாதிரி என்று நினைத்திருந்தேன். கூலிக்கு ஆள் வைத்துப் புளி தட்டிக் கொட்டை எடுக்கிறோம் இல்லையா, அதுபோல இதையும் ஆள் வைத்து முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. எனக்கு மட்டுமில்லை, மஹல்லா மொத்தத்துக்கும் அதே கணக்குத்தான்.

அந்த வருஷம் மீராசா இடுப்பெலும்பு முறிந்து மகள் வீட்டில் கிடந்தார். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி எழுந்து, இந்த வருஷம் யார் இருப்பது என்று கேட்டார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருவருக்குக் கடை, ஒருவருக்கு மகள் நிக்காஹ், ஒருவருக்கு முதுகுவலி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"இன்னா இது? இந்த மஹல்லாவுல ஆம்பளையே இல்லியா? களத்துல மட்டும் புளி இல்லாங்காட்டி நானே உக்காந்து காட்டுவேன்!"

முத்தவல்லி ஒரு மூச்சுகூட இடைவெளி விடவில்லை. "புளிய உங்க வூட்டம்மா பாத்துக்குவாங்க. மாஷா அல்லாஹ்! காதர் பாய் உக்கார்றாரு!"

நான் வாயைத் திறப்பதற்குள் பள்ளிவாசல் காலியாகிவிட்டது. வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம்தான் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஜெய்னம்பு கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீங்களா? உக்கார்றதா? நோன்புக் கஞ்சியவே நின்னுகினு குடிக்கிற ஆளு!"

"வாய் வுட்டுட்டேன். மானம் போய்டும். களத்துக்கு இன்னா பண்றது?"

"நான் இல்லியா?"

"உனக்குப் புளியைப் பத்தி இன்னா தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சது ஜாஸ்தி, தூங்குறதுதான் கம்மி. நான் தூங்கி எந்திரிச்சு வந்து பாத்துக்கறேன், போங்க."

தலையணை, விசிறி, போர்வை, டிரான்சிஸ்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிவாசல் மூலையில் வெள்ளைத் துணி கட்டி எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் இமாம் ஹஜ்ரத் என் மகன் வயதுக்காரர். டிரான்சிஸ்டரைப் பார்த்தார், சிரித்தார், எடுத்துக்கொண்டு போய் அவர் அறையில் வைத்துவிட்டார்.

முதல் நாட்கள் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. மலையில் மூட்டை சுமந்ததுகூட அவ்வளவு கஷ்டமாக இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். தஸ்பீஹ் மணியை உருட்டினால் மனசு மூட்டை எண்ணும். அவசர அவசரமாக உருட்டுவதைப் பார்த்து ஹஜ்ரத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மெதுவா பாய். அல்லாஹ் எங்கயும் போய்ட மாட்டான்" என்றார். தெருப்பக்க ஜன்னல் என் இடத்துக்கு நேராக இருந்தது. புரோக்கர் ஒருவர் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு விலை கேட்டார். நானும் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தேன். துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹஜ்ரத் குரல் வந்தது.

"அல்லாஹ்வோட வூட்ல உக்காந்துகினு புளி வித்தா, அப்பால இதுவும் கடைதான் பாய்."

புரோக்கர் போய்விட்டார். ஜன்னல் மட்டும் இருந்தது. எதிரே என் களம் இருந்தது. ஜெய்னம்பு முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக்காரப் பெண்களை ஏவுவது தெரிந்தது. சரியாகத்தான் ஏவினாள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தூக்கம்? அது அங்கேயும் வரவில்லை.

அந்த வருஷமும் இட ஒதுக்கீட்டுக்காக அங்கங்கே மறியல் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நாள் எங்கள் முக்கில் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பஸ் ஓடவில்லை. வடக்கனந்தல் பக்கமிருந்து வருகிற வேலைக்காரப் பெண்கள் யாரும் வரவில்லை. களம் முழுக்கக் கொட்டை எடுத்த புளி விரித்துக் கிடந்தது. ஜெய்னம்பு தனியாக இருந்தாள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது.

கோடை மழை எங்களுக்குத் தெரியும். வருகிறேன் என்று சொல்லாது. நனைந்த புளி கறுத்துப்போகும், புழு வைக்கும், அப்புறம் அதை யாரும் தொட மாட்டார்கள். ஒரு சீசன் உழைப்பு அந்தக் களத்தில் கிடந்தது. காற்று தூக்கிக்கொண்டு வந்தது. நான் ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"தார்ப்பாய எடு! மேக்கால இருந்து மூடு! மேக்கால!"

"தெரியுது, உக்காருங்க!" என்று அவளும் கத்தினாள். ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை இழுத்தாள். காற்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கியது.

வாசலுக்கு ஓடினேன். படியில் வந்து நின்றேன். படிக்குக் கீழே தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் களம். நாலு எட்டுதான். ஹஜ்ரத் பின்னால் நின்றிருந்தார். என்னைப் பிடிக்கவில்லை, தடுக்கவில்லை.

"போறதுன்னா போங்க பாய். யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. வெளிய கால் வெச்சா இஃதிகாஃப் முறிஞ்சுடும், அவ்ளோதான். மஹல்லாவுக்கு வேற ஆள் இல்ல."

முதல் துளி படியில் விழுந்தது. புளி மணம் வந்தது. என் கால் தானாகத் தூக்கிவிட்டது. அந்தக் காலை வைத்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

லாரி மேல் உட்கார்ந்திருந்தவனை அப்போது நினைத்தேன். ஒரு வாரம் காவல் காத்து நான் எதைக் காப்பாற்றினேன்? புளியைக் காப்பாற்றி என்னைத் தொலைத்தேன். இந்தக் காலை இறக்கினால் அந்தக் காவல் இனி முடியவே முடியாது என்று பட்டது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். திரும்பி வந்து முன் வரிசைத் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கை ஏந்தினேன். முதல்தடவையாகத் தூக்கத்தைக் கேட்கவில்லை.

"யா அல்லாஹ், புளி உன்னுது. மழை உன்னுது. ஜெய்னம்பு உன் அடிமை. நான் காவல் காத்தது போதும். இனிமே நீ பாத்துக்க."

அவ்வளவுதான் சொன்னேன். ஓட்டின் மேல் மழை அடித்தது. தெருவில் ஜெய்னம்பு யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. யார் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண் திறந்தால் ஹஜ்ரத். "அஸருக்கு நேரமாச்சு பாய்" என்றார். நான் எங்கே இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. வாய் ஓரத்தில் எச்சில் வழிந்து தாடி நனைந்திருந்தது. முதுகில் தூணின் தடம் பதிந்திருந்தது. யாரோ என் மேல் போர்வை போர்த்தியிருந்தார்கள். நான் தூங்கியிருந்தேன். தூங்கியிருந்தேன் என்று புரிந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ஹஜ்ரத்துக்கும் கண் கலங்கியது. "மொகம் கைகால் கழுவி ஒளூ செய்ங்க, ஜமாஅத் காத்துகினு கீது" என்றார்.

அன்று அஸர் தொழுகையில் சஜ்தாவிலிருந்து தலையைத் தூக்கவே மனசில்லை. தொழுது முடித்தும் ஜன்னல் பக்கம் போகவில்லை. சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்த ஜெய்னம்பு துணிக்கு வெளியே நின்றாள்.

"புளிய பத்தி கேக்க மாட்டீங்களா?"

"தூங்கிட்டேன் ஜெய்னம்பு."

அவள் கஞ்சித் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள். முக்கில் மறியலுக்கு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அவள் கூப்பிட்டிருக்கிறாள். "புளி நனையுதுங்க, ஓடியாங்க!" என்றிருக்கிறாள். விவசாயிகள் அல்லவா, காயப்போட்டது நனைவது என்றால் அவர்களுக்கு விளக்கம் வேண்டாம். கொடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஓடிவந்து தார்ப்பாயை இழுத்துப் பிடித்து, மேலே கல் வைத்துவிட்டு, நனைந்த உடம்போடு திரும்பிப் போய் மறுபடி சாலையில் உட்கார்ந்துகொண்டார்களாம். கீழ்ப்பக்கம் கொஞ்சம் நனைந்து கறுத்துப்போனது. போகட்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தூங்கினேன். பெருநாளைக்கு வெளியே வந்தபோது கை நடுங்கவில்லை. அடுத்த சரக்குக்கு மலைக்குப் போனேன். வெள்ளையன் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து லுஹர் தொழுததும் கடையை மூடுகிறேன். அஸர் வரைக்கும் திறப்பதில்லை. மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வது நபிவழி என்று ஹஜ்ரத் சொன்னார். தொடக்கத்தில் கடைத்தெருவே சிரித்தது. பகல்ல தூங்குற வியாபாரி உருப்படுவானா என்றார்கள். வந்து பாருங்கள், கள்ளக்குறிச்சியில் இன்றைக்கும் என் புளிதான் புளி. கடைசிப் பத்தில் பள்ளிவாசலில் நான் இருக்கிறேன். மீராசாவுக்குச் சாப்பாடு அனுப்பியதும் நின்றுவிடவில்லை, அவர் மௌத்தாகும் வரை போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுவருஷம் நோன்பு பிறந்தபோது ஜெய்னம்பு என்னைக் கேட்டாள்.

"நீங்க உக்காந்து எந்திரிச்சு வந்துட்டீங்க. நான் எப்ப உக்கார்றது?"

நிக்காஹ் ஆன நாளிலிருந்து அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெண்கள் வீட்டில் தொழுகிற இடத்திலேயே இருக்கலாம் என்று ஹஜ்ரத் சொன்னார். நடுப்பத்தில் சில நாட்கள் உள்ளறையில் துணி கட்டிக் கொடுத்தேன். கஞ்சி காய்ச்சினேன். முதல் நாள் அடிப்பிடித்தது, இரண்டாம் நாளிலிருந்து தெருவில் அதுபோலக் கஞ்சி கிடையாது. ஒரு மத்தியானம் புரோக்கர் வாசலில் வந்து நின்று, மெட்ராஸ் மண்டியில் விலை ஏறிவிட்டது என்று கத்தினார். நான் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன்.

"மெதுவா பேசு. உள்ள தூங்கிகினு கீறா."

அன்புள்ளவர்களே, உங்கள் மஹல்லாவில் இந்த வருஷம் ஆள் தேடாதீர்கள். நீங்களே போய் உட்காருங்கள். வேலை இருக்கிறது என்பீர்கள். என்னைவிட வேலை உள்ளவர் யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் எழுதுங்கள், நானும் பார்க்கிறேன். கேட்டதைக் கொடுக்க அவன் தயாராக இருக்கிறான். வாங்கிக்கொள்ள நாம் ஓர் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கம் இல்லாமல் தவிக்கிற ஒவ்வொருவர் கண்ணுக்கும், அவர்கள் வீட்டில் அவர்களுக்காக ஓடி ஓடி உழைக்கிறவர்கள் கண்ணுக்கும், அல்லாஹ் நல்ல தூக்கத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.